மகனை முதல் முறையாக ஹாஸ்டலில் விடப் போகிறேன், கஞ்சா, மாத்திரை என்று கேள்விப்படுவதெல்லாம் பயமாக இருக்கிறது. கிளம்பும் முன் என்ன சொல்லி அனுப்புவது?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா இதைக் கேட்டிருக்கிறார். பிளஸ் டூ முடித்த மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்கிறானாம். அவனிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளலாமா, போனில் ஏதாவது ஆப் போட்டுக் கண்காணிக்கலாமா, இல்லை பேசாமல் மதுரையிலேயே ஒரு டிகிரியில் சேர்த்துவிடலாமா என்று மூன்று யோசனையும் அவரே சொல்லியிருக்கிறார். நான் மதுரை புதூரில் இருபது வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். முதல் இரண்டையும் என் மூத்த மகனிடம் செய்து பார்த்துவிட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2022-இல் அவனைச் சேர்க்கும் முன் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய் சூடம் அணைத்துச் சத்தியம் வாங்கினேன். சில மாதத்தில் அது உடைந்தது. உடைந்ததும் அவன் செய்த முதல் வேலை என்னிடம் மறைத்ததுதான், ஏனென்றால் கஞ்சா இழுத்த தப்போடு சாமி குற்றமும் அப்பாவுக்குச் செய்த துரோகமும் சேர்ந்துகொண்டது. லொகேஷன் காட்டும் ஆப்பும் போட்டிருந்தேன். தினமும் ராத்திரி கடையை அடைக்கும்போது எடுத்துப் பார்ப்பேன், ஹாஸ்டலில்தான் இருக்கிறான் என்று காட்டும், நிம்மதியாக வீட்டுக்குப் போவேன். ஆப் பொய் சொல்லவில்லை. அவன் அறையில்தான் இருந்தான், எல்லாம் நடந்ததும் அந்த அறையில்தான்.

மூன்றாவது யோசனைக்கு என் கடை வாசலே பதில். ஒருநாள் ராத்திரி ஒன்பதரை இருக்கும், கல்லூரி அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் மடித்துப் போட்டிருந்த ஒரு பையன் வந்தான், நல்ல வீட்டுப் பிள்ளை, மரியாதையான பேச்சு. "அண்ணே, பாட்டிக்கு முதுகுவலி" என்று ஒரு வலி மாத்திரையின் பெயரைச் சொன்னான், கூடவே எத்தனை மில்லிகிராம் என்பதையும் சொன்னான். பாட்டிக்கு மாத்திரை வாங்க வருகிற யாரும் மில்லிகிராம் சொல்ல மாட்டார்கள். காலி அட்டையைக் கொண்டுவருவார்கள், இல்லையென்றால் வெள்ளையாக நீளமாக இருக்கும் என்று கையால் காட்டுவார்கள். சீட்டு கேட்டேன், வீட்டில் இருக்கிறது என்றான், எடுத்துக்கொண்டு வா என்றேன், வரவில்லை. அவன் கேட்டது டேபென்டடால். ஆபரேஷனுக்குப் பிறகு வரும் கடும் வலிக்கு டாக்டர்கள் எழுதுவது, மூளையில் அபின் செய்கிற வேலையையே செய்யும், அளவு மீறினால் மூச்சு அடங்கிவிடும், கூடவே குடித்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். தூக்க மாத்திரை, ட்ரமடால் என்கிற வலி மாத்திரை போன்றவற்றுக்கு டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த எண்ணிக்கை எல்லாம் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எழுதாமல் விற்கிற கடைகளும் இருக்கின்றன, அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நான் சொல்ல வந்தது, அந்தப் பையன் ஹாஸ்டல் பையன் இல்லை. ராத்திரி வீட்டுக்குப் போய் அம்மா கையால் தோசை சாப்பிட்டுத் தூங்குகிற உள்ளூர்ப் பையன்.

என் மகனுக்கு முதலில் கொடுத்தது யார் என்று பிறகு கேட்டேன். பெட்டிக்கடைக்காரனோ கேட் பக்கம் நிற்கிற முகம் தெரியாத ஆளோ என்று நினைத்திருந்தேன். கொடுத்தவன் ஒரு சீனியர், இவனுக்கு மேத்ஸ் சொல்லிக் கொடுத்தவன், காய்ச்சலில் படுத்திருந்தபோது மெஸ்ஸில் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தவன். முன்பின் தெரியாதவன் எது கொடுத்தாலும் வாங்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தேன், அது எதற்கும் உதவவில்லை. தங்கச்சி, உங்கள் பையனிடம் நேராகவே சொல்லுங்கள்: உனக்கு ரொம்பப் பிடித்தவன், உனக்கு உதவி செய்தவன்தான் இதை நீட்டுவான், அவனிடம் வேண்டாம் என்று சொல்வதுதான் கஷ்டம். என்ன சொல்லி மறுப்பாய் என்று கேட்டு, அந்த வார்த்தையை வீட்டிலேயே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "எங்கப்பா டெஸ்ட் எடுப்பாரு மச்சி" என்று பழியை அப்பா மேல் போட்டாலும் பரவாயில்லை.

எங்களுக்குத் தெரிந்தது 2023 சித்திரைத் திருவிழாவில். அழகர் மூன்றுமாவடி எதிர்சேவை முடிந்து எங்கள் புதூர் வழியாகத்தான் தல்லாகுளம் போவார், சின்ன வயதிலிருந்து சர்க்கரைச் செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நிற்பவன் அன்றைக்கு எழுந்திருக்கவே இல்லை. என் மனைவி அவன் பேண்டைத் துவைக்கப் போட்டபோது பையில் கண் சொட்டு மருந்து இருந்தது, கண் சிவப்பை எடுக்கிற வகை. அதை நானே கடையில் விற்கிறேன். கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்திருக்கும் என்று நானே அவளுக்குச் சமாதானமும் சொன்னேன். அப்புறம் அவன் ஜீபேயைப் பார்த்தோம். ஒரே ஆளுக்கு 200, 300 என்று வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை.

திருவிழாவுக்கு அண்ணன் தம்பி குடும்பமெல்லாம் வந்து நிறைந்திருந்த வீட்டில், அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, மறுநாள் பஸ் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு மூன்று மாதம் போனில் "ம்", "சரி", "சாப்ட்டேன்" இவ்வளவுதான். அந்த மூன்று மாதத்தில்தான் பழக்கம் அதிகமானது என்று அவனே பின்னால் சொன்னான்.

மாற்றியது என் மச்சினன். என் மகனுக்குத் தாய்மாமன், லாரி ஓட்டுகிறவர், லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் கல்லூரிக்குப் போய் டீக்கடையில் உட்கார வைத்து, கஞ்சாவைப் பற்றி ஒன்றுமே கேட்காமல், தூக்கம் வருதாடா என்று மட்டும் கேட்டிருக்கிறார். அழுதுவிட்டான். அடுத்த வாரம் அவனே ஊருக்கு வந்தான், கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், நிறுத்தினால் முதல் வாரம் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் வரும், ஒன்றிரண்டு வாரத்தில் குறையும் என்று. அது தெரியாமல் இருந்திருந்தால் அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த அன்றைக்கே மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று நான் இன்னொரு அறை அறைந்திருப்பேன். அவனுக்கு உயிரான பருத்திப்பால் வாங்கிவந்தால் அதுகூட இறங்கவில்லை. சிறுநீர் டெஸ்ட் விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். தொடர்ந்து இழுத்தவனுக்கு விட்டு மூன்று நான்கு வாரம் ஆன பிறகும் பாசிட்டிவ் காட்டலாம். அதைப் பார்த்துவிட்டுப் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டாதீர்கள்.

என்ன சொல்லி அனுப்புவது என்றால், ஒருதடவை தொட்டாலே வாழ்க்கை போச்சு என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே போனால் கஞ்சா இழுத்துக்கொண்டே எட்டரை சிஜிபிஏ வாங்குகிற சீனியரைப் பார்ப்பான், நீங்கள் சொன்ன மற்ற எல்லாமும் பொய் என்று எடுத்துக்கொள்வான். உண்மையைச் சொல்லுங்கள். மூளை 25 வயது வாக்கில்தான் முழுதாக வளர்ந்து முடிகிறது, அதற்குள் தினமும் இழுத்தால் ஞாபகமும் கவனமும் அடி வாங்கும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அப்படிப்பட்டவர்களுக்குக் கஞ்சாவால் அதே நோய் வரும் வாய்ப்பு கூடுதல். எங்கள் வீட்டில் ஒரு சித்தப்பாவை வெளியூரில் இருக்கிறார் என்றே சொல்லி வளர்த்தோம், அது தப்பு. கஞ்சா சாக்லேட் ஏற ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும், ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்றைத் தின்றுவிட்டு நெஞ்சு படபடக்க ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள், அதையும் சொல்லுங்கள்.

குடியைச் சேர்த்துப் பேசுங்கள். எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளிவந்த நாடு தழுவிய கணக்கெடுப்பில் 10 முதல் 75 வயது வரை குடிப்பவர்கள் சுமார் 16 கோடி, கஞ்சா, பாங்கு வகை சுமார் 3.1 கோடி. பெரும்பாலான பையன்கள் பிறந்தநாள் பீரிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், நாம் கஞ்சாவை மட்டும் பேயாகக் காட்டிவிட்டு டாஸ்மாக்கைக் கண்டுகொள்வதில்லை. சட்டப்படி 21 வயது ஆகாதவனுக்கு அங்கே விற்கக் கூடாது. வீட்டில் அப்பா ஞாயிற்றுக்கிழமை குடிக்கிறவர் என்றால் இந்தப் பேச்சை அவரே நடத்த வேண்டும், தன்னைப் பற்றியும் சேர்த்து.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தையும் (என்டிபிஎஸ்) சொல்லி அனுப்புங்கள். ஒரு கிலோவரை கஞ்சா சிறிய அளவு என்றுதான் கணக்கு, அதற்கே ஒரு வருடம் வரை தண்டனை உண்டு, ஒரு பொட்டலம் என்றாலும் வழக்குதான். ஃப்ரெண்டுக்காக வாங்கிக் கொடுத்தேன் என்றால் தப்பிக்க முடியாது, பணம் போட்ட தடம் போனிலேயே இருக்கும். அதே சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவும் இருக்கிறது. பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு வந்தாலும், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானே முன்வந்து சிகிச்சை எடுத்தால் விலக்கு கிடைக்கும், சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். பயத்தில் பூட்டி வைத்துக்கொள்ளும் பெற்றோருக்கு இது தெரிவதே இல்லை.

ராத்திரி வேனில் வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போகிற மறுவாழ்வு மையங்கள் பக்கம் போகாதீர்கள். 2017 மனநலச் சட்டப்படி பதிவு செய்த இடமா என்று கேளுங்கள், காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். போதைப் பழக்கம் பற்றிப் போனில் பேச மத்திய அரசின் 14446 இருக்கிறது, மனநலத்துக்கு 14416. யாராவது விற்கிறார்கள் என்று தெரிந்தால் தமிழ்நாட்டில் 10581.

வாரம் இரண்டு மூன்று நாள் அவன் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். சாம்பார் தண்ணியாக இருக்கிறது, ரூம்மேட் குறட்டை விடுகிறான் என்று சொல்லும்போது அதற்குப் புத்தி சொல்லாமல் கேளுங்கள். என் மகன் ஆரம்பத்தில் மெஸ்ஸைப் பற்றிப் புலம்பினான், நான் ஒவ்வொரு தடவையும் என் காலத்துக் கஷ்டத்தைச் சொல்லி வாயை அடைத்தேன், அப்புறம் அவன் எதையுமே சொல்வதில்லை. இப்போது கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவன் பேசி முடிக்கும்வரை நிற்கிறேன், சில நாள் அரைமணி நேரம்கூட ஆகிறது.

இன்னொன்று. ஹாஸ்டலில் கொண்டுபோய் விடும் அன்று வார்டன் நம்பரோடு, கூடத் தங்கப் போகும் பையனின் அப்பா அம்மா நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் நம்பரை அவர்களுக்குக் கொடுங்கள். நான் சாமானை இறக்கிவைத்துவிட்டு மாட்டுத்தாவணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வாங்காமல் வந்துவிட்டேன். என் மகனைப் பற்றி அந்த ரூம்மேட் தன் வீட்டில் பொங்கலுக்கே சொல்லியிருக்கிறான், எங்களுக்கு எப்படிச் சொல்வது என்று அவர்களுக்கு வழி தெரியவில்லை.