பிரியாணி டிக்கெட்டுக்கும் கணக்கு உண்டு

கோயில், குழந்தைகள் இல்லம், கல்வி டிரஸ்ட் மாதிரி அமைப்புகளில் பணம் போன வழி தெரியவில்லை என்று புகார் வந்தால் போய் விசாரிக்கிற வேலையில் டர்பனில் பதினெட்டு வருடம் இருந்தேன் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஊறுகாய் பக்குவம் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் கட்டாயம்.

கேள்வி: அக்கா, என் மகன் பி.காம் முடித்து மூன்று வருடமாக ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான். இப்போது நீங்கள் செய்த மாதிரி வேலைக்குப் போகிறேன் என்கிறான். இது போலீஸ் வேலையா? அவனுக்கு ஒத்துவருமா?
ஒரு தாய், சாட்ஸ்வர்த்

போலீஸ் வேலை இல்லை அம்மா. யாரையும் கைது செய்ய முடியாது, யார் வீட்டு அலமாரியையும் திற என்று சொல்ல முடியாது. என் காலத்தில் முக்கால்வாசி நேரம் ஏதோ ஒரு ஹாலின் பின்னறையில், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து வவுச்சர் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்ததுதான்.

இங்கிலாந்தில் இதற்கென்றே சேரிட்டி கமிஷன் என்று ஒன்று உண்டு. அவர்கள் முறைப்படி விசாரணை தொடங்கினால் பேங்க் கணக்கை முடக்கலாம், தற்காலிக மேலாளரை உட்கார வைக்கலாம். நம் தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரே இடம் கிடையாது. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான அமைப்பு என்றால் சமூக மேம்பாட்டுத் துறையின் இயக்ககம், டிரஸ்ட் என்றால் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம், லாப நோக்கமில்லாத கம்பெனி என்றால் கம்பெனிகளைப் பதிவு செய்கிற சி.ஐ.பி.சி, வரிச்சலுகை வாங்கியிருந்தால் வரித்துறையான சார்ஸ். இயக்ககம் குறையைச் சொல்லி நோட்டீஸ் அனுப்பும், ஒரு மாதம் தரும், சரிசெய்யாவிட்டால் பதிவை ரத்து செய்யும், குற்றம் மாதிரித் தெரிந்தால் போலீஸுக்கு அனுப்பும். ஆக, உட்கார்ந்து தோண்டுகிற வேலை பெரும்பாலும் பணம் கொடுத்த நிறுவனங்களிடமும், அவை அமர்த்துகிற தனியார் புலனாய்வுக் கம்பெனிகளிடமும்தான் வந்து சேர்கிறது. அரசுப் பணம் சம்பந்தப்பட்டு ஜனாதிபதி உத்தரவு போட்டால் எஸ்.ஐ.யூ என்கிற அரசின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு வரும். லாட்டரி கமிஷன் மானியங்களை விசாரிக்க 2020 நவம்பரில் அப்படித்தான் உத்தரவு வந்தது. செயல்படாமல் தூங்கிக்கொண்டிருந்த சிறு சங்கங்களின் பெயரையும் பதிவு எண்ணையும் யாரோ எடுத்துக்கொண்டு, அந்தச் சங்கத்தாருக்கே தெரியாமல் மானியம் வாங்கியிருந்தார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு சங்கம் பேருக்கு மட்டும் இருந்தால் முறைப்படி மூடிவிடச் சொல்லுங்கள்.

சரி, மகனுக்கு ஒத்துவருமா? ஒரு ஹார்டுவேர் பில் காட்டுகிறேன், அவனிடமே கேட்டுப் பாருங்கள். தேதி 2017 செப்டம்பர், பெயின்ட்டும் கூரைத் தகடும், அடியில் 15 சதவீதம் வாட். என்ன தப்பு? பார்த்தவுடன் பிடித்தால் நல்லது, பிடிக்காவிட்டால் பழகிக்கொள்ளலாம். இங்கே வாட் 2018 ஏப்ரல் 1 வரைக்கும் 14 சதவீதம்தான், ஆக அந்த பில்லைப் பிற்பாடு யாரோ உட்கார்ந்து அடித்திருக்கிறார்கள். இன்னொன்று, 2022 ஏப்ரலில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோன அந்த வெள்ளத்துக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் மளிகைப் பை விநியோகம் நடந்ததே, ஓர் இடத்தில் பை வாங்கியவர்கள் கையெழுத்துப் பட்டியலைக் கொடுத்தார்கள். கையெழுத்தெல்லாம் வேறுவேறு மாதிரிதான் இருந்தது, ஆனால் பெயர்கள் ஏ-யில் தொடங்கி வரிசையாக இசட்டில் முடிந்தன. மழையில் வீடிழந்தவர்கள் அகரவரிசையிலா வந்து க்யூவில் நிற்பார்கள்? ஆனால் அதை வைத்துத் திருட்டு என்று எழுதிவிட முடியாது, முன்கூட்டியே பெயர் அடித்து வைத்த பட்டியலாகவும் இருக்கலாம். பட்டியலில் இருந்த இருபது வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினோம். பதினாறு வீட்டில் பை வந்திருந்தது. அசட்டையாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சந்தேகம் வந்த இடத்தில் நிற்காமல் கதவு வரைக்கும் நடக்கிற ஆள் என்றால் மகனை அனுப்புங்கள்.

படிப்பு என்றால் மோசடிகளை ஆராய்கிறவர்களுக்கான சி.எஃப்.இ தேர்வு எழுதினால் மதிப்பு. அதைவிட முக்கியம் சுலு பேசத் தெரிவது. காவலாளியும் சமையல்காரம்மாவும் டிரைவரும் சொல்வதில்தான் பாதி விஷயம் இருக்கும், அவர்களிடம் இங்கிலீஷில் பேசினால் "யெஸ் மேடம்" மட்டும்தான் கிடைக்கும்.

கேள்வி: ஆன்ட்டி, என் அம்மா ஒரு சிறிய கோயிலுக்குப் பதினோரு வருடமாகப் பொருளாளர். பழைய தலைவர் இறந்த பிறகு கையெழுத்து மாற்றவில்லை என்று பேங்க் கோயில் கணக்கை நிறுத்தி வைத்துவிட்டது. அதிலிருந்து நன்கொடை, பிரியாணி விற்ற பணம் எல்லாம் அம்மா கணக்குக்குத்தான் வருகிறது. எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், ஒரு சென்ட் எடுக்கமாட்டார். இப்போது குழுவில் ஒருவர் "விசாரணை" என்று பேசுகிறார். அம்மா தூங்குவதில்லை.
பெயர் வேண்டாம், ஃபீனிக்ஸ்

மகளே, முதலில் ஒன்று: அந்த நோட்டைப் புது நோட்டில் அழகாகத் திருப்பி எழுத வேண்டாம். அம்மாமார்கள் எல்லாரும் இதைத்தான் செய்வார்கள். எண்ணெய் பட்டிருக்கிறது, அடித்தல் திருத்தல் இருக்கிறது, ஐயோ மானம் போகும் என்று ஒரே ராத்திரியில் நீல பேனாவில் பதினோரு வருடத்தையும் எழுதி முடித்துவிட்டு, பழையதைக் குப்பையில் போடுவார்கள். விசாரிக்க வருபவருக்கு அந்த எண்ணெய்க் கறைதான் சாட்சி. அன்றன்றைக்கு எழுதியது என்பதை வேறு எதைக் கொண்டு காட்டுவீர்கள்?

சொந்தக் கணக்கில் பொதுப்பணம் வந்தது தப்பு, அதை மழுப்ப வேண்டாம். ஆனால் தப்பும் திருட்டும் ஒன்று இல்லை. நான் பார்த்ததில் பெரும்பாலானவை அரைகுறைக் கணக்குதான், களவு குறைவு. எது எது என்று பிரிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். உங்கள் அம்மா விஷயத்தில் நானாக இருந்தால் பார்ப்பது இதை: பணம் வந்ததும் நோட்டில் ஏறியிருக்கிறதா, அம்மா கணக்கில் மாதக் கடைசியில் இருப்பு கோயில் பணத்தைவிடக் குறைந்து, சம்பளம் வந்த பிறகு ஏறியிருக்கிறதா, குழுவுக்கு இது தெரியுமா. மூன்றாவது ரொம்ப முக்கியம். கூட்டக் குறிப்பில் ஒரே ஒரு வரி, "பேங்க் கணக்கு சரியாகும் வரை பொருளாளர் கணக்கில் வைக்கலாம்" என்று இருந்தால் போதும், கதையே மாறிவிடும். இல்லையென்றால் பின்தேதி போட்டு எழுதிவிடாதீர்கள், அதுதான் நிஜமான குற்றம்.

பிரியாணி விஷயம் தனி. நம் ஊரில் கூரை மாற்ற, கொலு மண்டபம் கட்ட, பிணம் எடுக்கக்கூட பிரியாணி டிக்கெட் அடிக்கிறோம், ஆனால் டிக்கெட் புத்தகம் யார் யாரிடம் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று யாரும் எழுதுவதில்லை. அதனால் கணக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். எத்தனை பார்சல் டப்பா வாங்கினீர்கள் என்று மொத்தக்கடை பில் சொல்லும். 600 டப்பா வாங்கி, மிச்சம் 40 என்றால், 560 டப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்: விற்றது எத்தனை, தொண்டர்கள் சாப்பிட்டது எத்தனை, தலைவர் வீட்டுக்குப் போனது எத்தனை. (இந்தக் கடைசி எண்ணிக்கையைக் கேட்டால்தான் சபை அமைதியாகிவிடும்.)

இந்த வாரமே அம்மா, இன்னும் இரண்டு பேர், பேங்க் கேட்கிற பத்திரங்களோடு போய்க் கையெழுத்தை மாற்றட்டும். அம்மா கணக்கின் ஸ்டேட்மென்ட்டை பேங்கிலிருந்தே வாங்குங்கள், வீட்டு பிரின்டரில் எடுத்தது வேண்டாம். "விசாரணை" என்று பேசுகிறவரிடம் சண்டைக்குப் போகாமல், "வெளியாள் ஒருவரை வைத்துப் பார்க்கட்டும்" என்று அம்மாவே எழுதிக் கொடுப்பது நல்லது. கேட்பதற்கு முன் தானே முன்வந்தவர் என்பது ரிப்போர்ட்டில் வரும், நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நன்கொடை கொடுத்தால் 18ஏ ரசீது தருகிறோம், வரி குறையும் என்கிறார்கள். எப்படி நம்புவது?
வெருலம் வாசகர்

சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த அமைப்புக்கு சார்ஸ் கொடுத்த பி.பி.ஓ எண், அதாவது பொதுநல அமைப்பு என்கிற எண், இருக்க வேண்டும், சார்ஸ் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். 2023 மார்ச் 1க்குப் பிறகு ரசீதில் உங்கள் அடையாள எண், தொலைபேசி எண், ரசீதின் தனி எண் என்று கூடுதல் விவரமெல்லாம் கேட்பார்கள், கேட்காமல் வெறும் பெயரும் தொகையும் மட்டும் எழுதிக் கொடுத்தால் யோசியுங்கள். ராஃபிள் டிக்கெட்டும் பிரியாணி டிக்கெட்டும் நன்கொடை இல்லை, பதிலுக்கு ஒன்று வாங்குகிறீர்களே. கோபுரம் கட்டவோ பூஜைக்கோ கொடுத்ததற்கும் 18ஏ கிடையாது, சட்டத்தில் வழிபாடு அந்தப் பட்டியலில் இல்லை. அதே கோயில் தனியாக ஏழைகளுக்குச் சாப்பாடு போடுகிற பணி நடத்தி அதற்கு அனுமதி வாங்கியிருந்தால் உண்டு. கோபுரத்துக்கு 18ஏ தருகிறேன் என்று எந்தத் தர்மகர்த்தாவாவது சொன்னால், அவர் ஏமாற்றுகிறார் என்பதில்லை, பெரும்பாலும் அவருக்கே தெரியாது. வரிக்குப் போன பிறகு மாட்டுவது நீங்கள்தான்.

கேள்வி: நான் வேலை பார்க்கிற தொண்டு நிறுவனத்தில் இயக்குநர் தன் மைத்துனர் கம்பெனிக்கே எல்லா ஆர்டரும் கொடுக்கிறார். விலை இரண்டு மடங்கு. சொன்னால் என் வேலை போகும். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.
லெனேஷியாவிலிருந்து

சொல்லுங்கள், ஆனால் ஆத்திரத்தில் சொல்லாதீர்கள். மோசடிகள் எப்படி வெளியே வருகின்றன என்று சி.எஃப்.இ நடத்துகிற சங்கம் 2024இல் வெளியிட்ட உலகளாவிய அறிக்கையில் 43 சதவீதம் யாரோ ஒருவர் சொன்னதால் என்று இருக்கிறது. ஆடிட்டர் கண்டுபிடிப்பதெல்லாம் அதற்கு வெகு கீழே.

2000ஆம் ஆண்டின் தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் ஊழியருக்குப் பொருந்தும். நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். விசாரிப்போமா இல்லையா என்று அவர்கள் 21 நாளுக்குள் உங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் ரேண்டோ அதற்கு மேலோ மோசடி என்று தெரிந்தும் பொறுப்பில் இருப்பவர்கள் போலீஸின் சிறப்புக் குற்றப் பிரிவான ஹாக்ஸுக்குச் சொல்லாமல் இருந்தால் அவர்கள் மேலேயே குற்றம், இதை உங்கள் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் குழுவினர் நிமிர்ந்து உட்காருவார்கள். உங்கள் வேலையில் உங்கள் கைக்கு வந்த காகிதத்தை மட்டும் குறித்து வையுங்கள்: பில் எண், தேதி, தொகை. இயக்குநரின் மெயிலைத் திறந்து பார்க்கிற வேலை வேண்டாம், அப்புறம் விசாரணை உங்கள் மேல் திரும்பிவிடும். மைத்துனர் என்பது மட்டும் குற்றம் இல்லை, குழுவிடம் சொன்னாரா, வேறு இரண்டு இடத்தில் விலை கேட்டார்களா என்பதுதான் கேள்வி.

பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். கௌடெங் சுகாதாரத் துறையில் நிதிக் கணக்குப் பிரிவின் தலைமை இயக்குநராக இருந்து, அங்கே நடந்த முறைகேடுகளை வெளியே சொன்ன பபிதா தியோகரனை 2021 ஆகஸ்டில் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றதை நாம் எல்லாரும் பார்த்தோம். அங்கே புழங்கியது வேறு அளவு பணம், வேறு ஆட்கள். இருந்தாலும் தனியாகச் சுமக்காதீர்கள். கடிதம் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள், வக்கீலிடம் சொல்வதற்கும் அதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆபீஸில் நெருங்கிய தோழியிடம்கூட வாயைத் திறக்காதீர்கள்.

கேள்வி: சாமி காரியம் செய்கிறவர்களைக் கேள்வி கேட்பது பாவம் இல்லையா? உங்களுக்கு மனம் உறுத்தியதே இல்லையா? இப்போதும் கோயிலுக்குக் கொடுக்கிறீர்களா?
ஒரு முதியவர், டோங்காட்

உறுத்தியது ஐயா, நீங்கள் நினைக்கிற காரணத்துக்கு இல்லை. செக் இருந்த காலம் அது, 2020 முடிவோடு இங்கே செக் போய்விட்டதே, அதற்கு ரொம்ப முன்னால். ஒரு சபையில் பணம் குறைகிறது என்று என்னை அனுப்பினார்கள். அதன் தலைவர், சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் எனக்குத் தேவாரம் சொல்லிக் கொடுத்தவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். உண்மையில் நான் அந்த வேலையையே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், தெரிந்தவர்கள் விஷயத்தை விசாரிக்கக்கூடாது என்பது முதல் பாடம். சொல்லவில்லை. செயலாளர், எழுத்தர், பூசாரி என்று எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டேன், அவரை மட்டும் கேட்கவில்லை. மாமாவிடம் போய் எப்படி என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன்.

கடைசியில் வேறு வழியில்லாமல் போய் உட்கார்ந்தபோது ஐந்து நிமிடத்தில் சொன்னார். இந்தியாவுக்கு யாத்திரை போகும்போது, மூன்று மாதச் செலவுக்கு என்று பன்னிரண்டு வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். யாரிடம் என்பதையும் சொன்னார். அந்த ஆள் அதற்கு மூன்று வாரம் முன்புதான் கணக்கைக் காலி செய்துவிட்டு ஜொஹன்னஸ்பர்க் போய்விட்டிருந்தார். "என்னை ஏம்மா முதல்லயே கேக்கல? நான்தான் திருடன்னு நினைச்சியா?" என்றார் மாமா. இல்லை, நீங்கள் திருடன் இல்லை என்று நினைத்ததால்தான் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கொடுக்கிறீர்களா என்றால், கொடுக்கிறேன் ஐயா. உண்டியலில்தான் போடுகிறேன், அதற்கு ரசீதும் கிடையாது. எண்ணுகிற அன்றைக்கு அந்தப் பக்கம் போனால் மட்டும், மேஜையைச் சுற்றி மூன்று பேராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று கண் தானாக எட்டிப் பார்த்துவிடும்.