டயாலிசிஸ் தொடங்கமுதலே கையில் ஏன் வெட்டு?

கேள்வி: அப்பாவுக்கு டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை, அதற்குள் இடக்கையில் சத்திரசிகிச்சை என்கிறார்கள். அறுவடை முடியட்டும் என்று நிற்கிறார். பொறுக்கலாமா? – மகள், செட்டிகுளம்

பதில்: வேண்டாம் தங்கச்சி. டயாலிசிஸ் என்றால் பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் இரத்தத்தைச் சுத்திகரிப்பது; கிழமைக்கு மூன்று தரம், நாலு நாலு மணித்தியாலம், பெரிய ஊசி. சாதாரண நாளம் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) தாங்காது. 1960இல் சியாட்டிலில் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர் டெஃப்லான் குழாயைக் கையிலேயே விட்டுவைத்த பிறகுதான் டயாலிசிஸோடு வருடக்கணக்கில் வாழ முடிந்தது. 1966இல் நியூயோர்க்கில் பிரெசியாவும் சிமினோவும் குழாயே இல்லாமல், நாடியையும் (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்) நாளத்தையும் தோலுக்கடியில் இணைத்துக் காட்டினார்கள். அப்பாவுக்குச் செய்யப்போவதும் அதுதான். நாளம் தடிக்க ஒன்றிரண்டு மாதமாவது வேண்டும், பிந்தினால் கழுத்தில் குழாய், அதில் கிருமித்தொற்றுப் பயம் கூட. நெல்லை யாரும் வெட்டலாம். பிறகு, அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள், தலைக்கு வைத்துப் படுக்கவும் விடாதீர்கள்.