கேளுங்க, சொல்றோம்: பெலாரஸ் கல்யாணத்துக்குப் போகணுமா?

கேள்வி: என் பையன் பெலாரஸ்ல கோமெல்ல டாக்டருக்குப் படிக்கிறான். கூடப் படிக்கிற அந்த ஊர்ப் பொண்ணோட அக்காவுக்கு அக்டோபர் கடைசில கல்யாணம், இவனையும் கூப்பிட்டிருக்காங்க. என்ன வாங்கிட்டுப் போகணும், சர்ச்லயா நடக்கும், ஒண்ணும் புரியல.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முதல்ல பூ விஷயம்மா. பொக்கேல பூவை எண்ணி ஒத்தப்படையா வாங்கச் சொல்லுங்க, இரட்டைப்படைன்னா அங்க சாவுக்கு வைக்கிறது. கவர்ல பணம் வெச்சுக் குடுத்தாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

சட்டப்படி செல்லுறது ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம் மட்டும்தான், சர்ச்சுக்குப் போறது அவங்கவங்க இஷ்டம். அக்டோபர் கடைசின்னா நல்ல சீசன்தான், அந்தக் காலத்துல அறுவடை முடிஞ்சு அக்டோபர் 14 பக்ரோவி பண்டிகை தாண்டினதும் கிராமத்துல வரிசையா கல்யாணமா நடக்கும். மே மாசத்தை நம்ம ஆடி மாதிரி இன்னும் நிறைய பேர் ஒதுக்குறாங்க.

ஆனா பையன் கவனிச்சுப் பார்க்க வேண்டியது ரொட்டியைத்தான். கரவாய்னு பெரிய வட்ட ரொட்டி, மேல மாவுலயே பறவை, பூ, இலைன்னு செஞ்சு ஒட்டியிருப்பாங்க, முன்னாடியெல்லாம் இதுக்கு மாவு பிசையுறதே தனிச் சடங்கு, அக்கம்பக்கத்துல சந்தோஷமா குடும்பம் நடத்துற பொம்பளைங்க கூடிப் பாட்டுப் பாடிக்கிட்டே செய்வாங்க, விதவைகளைச் சேர்க்க மாட்டாங்க (இந்த ஒரு விஷயத்துல எல்லா ஊரும் ஒரே லட்சணம்தான் போல). இப்ப பேக்கரில ஆர்டர் குடுத்துடுறாங்க, ஆனாலும் ரொட்டி இல்லாம விருந்து கிடையாது. அதை வெட்டி ஆளுக்கொரு துண்டு குடுக்கும்போதுதான் மொய், துண்டை வாங்கிட்டு நாலு வார்த்தை வாழ்த்திட்டு கவரைக் குடுக்கணும், அதனால அவன் ரெண்டு வரி மனப்பாடம் பண்ணிட்டுப் போறது நல்லது.

சிவப்பு நூல்ல பூவேலை செஞ்ச வெள்ளைத் துணி ஒண்ணு விரிச்சு ஜோடியை அதுமேல நிக்க வைப்பாங்க, யார் கால் முதல்ல படுதோ அவங்க ராஜ்ஜியம்தான் வீட்டுலன்னு ஒரே சிரிப்பா இருக்கும். விருந்துல திடீர்னு எல்லாரும் 'கசக்குது'ன்னு கத்தினா பயப்பட வேணாம், ஜோடி முத்தம் குடுக்கிற வரைக்கும் விட மாட்டாங்க.

கேள்வி: மாப்பிள்ளையை வாசல்லயே மறிச்சுப் பணம் கேப்பாங்களாமே, வரதட்சணையா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லைங்க, பணம் போறது பொண்ணு வீட்டுப் பக்கம்! தோழிங்க கதவை மறிச்சு புதிர் போட்டு, ஆட விட்டு, சாக்லேட்டோ சில்லறையோ கறந்துட்டுத்தான் உள்ள விடுவாங்க, முழுக்க விளையாட்டு. சிட்டில சில ஜோடிங்க இதெல்லாம் பழைய ஸ்டைல்னு விட்டுட்டு நேரா போட்டோஷூட்டுக்குப் போயிடுறாங்க, மின்ஸ்க்ல 1954ல கட்டின வெற்றிச் சதுக்க நினைவுத்தூண்கிட்ட கல்யாண டிரெஸ்லயே போய்ப் பூ வைக்கிறதும் உண்டு.

திருநெல்வேலி அம்மாவுக்கு இன்னொண்ணு: நிறைய இடத்துல விருந்து ரெண்டாவது நாளும் ஓடும், வேஷம் போட்டு ஆட்டம் பாட்டம்னு. தம்பிக்கு மறுநாள் கிளாஸ் இருக்கான்னு இப்பவே கேட்டு வெச்சுக்கங்க.