வளையல் அளவு தெரிந்தவளுக்கு எழுத்திலும் வேலை உண்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.ஏ. ஆங்கிலம் இறுதியாண்டு. இரண்டு வருடமாக மொட்டைமாடியில் சுடுமண் நகை செய்து இணையத்தில் விற்கிறாள். தன் ஜிமிக்கிகளுக்கு அவள் எழுதியிருந்த வரிகளைப் பார்த்த ஒரு சிறு வியாபாரி, தன் கடைச் சரக்கு முழுவதற்கும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். அவளும் பி.எட். விண்ணப்பத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதையே தொழிலாகக் கொள்ளலாமா என்கிறாள். “நகைக்கு நாலு வரி எழுதுவதெல்லாம் ஒரு வேலையா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைதான் அம்மா. பொறுப்பான வேலை. அழகாக எழுதத் தெரிந்தால் போதும் என்று உங்கள் மகள் நம்பிக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவி ஒருத்தி, பட்டு நூல் வளையல் விற்பவருக்கு எழுதிக் கொடுத்தாள். வியாபாரி “2.4 அளவு” என்று சொன்னதை அவள் “உள்விட்டம் 2.4 அங்குலம்” என்று எழுதிவிட்டாள். வளையல் கடையில் 2.4 என்றால் இரண்டு அங்குலமும், அதற்கு மேல் பதினாறில் நான்கு பங்கும். அதாவது 2.25 அங்குலம், சுமார் 57 மில்லிமீட்டர். அவள் எழுதியபடி கணக்குப் போட்டால் 61 மில்லிமீட்டர் வருகிறது. கடைக்காரர் மொழியில் அது 2.6 அளவுக்கும் சற்றுக் கூடுதல். வாங்கியவர்கள் வீட்டிலிருந்த பழைய வளையலை ஸ்கேலில் அளந்து, சரியாக இருக்கிறது என்று நம்பிப் பணம் கட்டினார்கள். வந்த வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. பார்சல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அந்தப் பெண் என் எதிரே உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து இந்த வேலைக்குப் போகிற யாரிடமும் முதலில் நான் கேட்பது, “வீட்டில் ஸ்கேலும் சின்னத் தராசும் இருக்கிறதா?” என்பதுதான்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்றவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. உங்கள் மகள் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் அந்த வியாபாரி பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் அனுப்பிய மாதிரிகளில் ஒன்று இது: “பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் எழில்மிகு ஜிமிக்கி, உங்கள் ஒவ்வொரு தருணத்தையும் சிறப்பாக்கும்.” இதை எந்த நகைக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். மண்ணா, வெள்ளியா, பித்தளையா என்றுகூடத் தெரியவில்லை. அதே ஜிமிக்கியைக் கையில் எடுத்துப் பார்த்து எழுதினால் இப்படி வரும்:

“சுட்ட களிமண்ணில் கையால் செய்த ஜிமிக்கி. குடையின் விளிம்பில் மண்ணிலேயே உருட்டிய சிறு மணிகள். அரக்குச் சிவப்பில் அக்ரிலிக் வண்ணம், மேலே மங்கிய பொன் நிறத் தீற்றல். கொக்கியிலிருந்து நுனி வரை 4.5 செ.மீ.; ஒரு காதுக்கு 9 கிராம். கொக்கி துருப்பிடிக்காத எஃகு. கையால் தீட்டியதால் இரண்டு ஜிமிக்கியின் வண்ணமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. தரையில் விழுந்தால் உடையும், குளிக்கும்போது கழற்றிவிடுங்கள்.”

கடைசி வரியை எழுத வியாபாரிகள் தயங்குவார்கள். உடையும் என்று சொன்னால் யார் வாங்குவார்கள் என்பார்கள். என் அனுபவத்தில், சொல்லாமல் விட்ட குறைதான் திரும்பி வரும் பார்சலாகிறது. ஒன்பது கிராம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கனமான தோடு போட்டுக் காது இறங்கிய ஒரு பெண் நிம்மதியாக வாங்குவாள். படத்தில் எடை தெரியாது.

அடுத்தது, நகைச் சொற்கள். கடைகளில் புழங்கும் பெயர்கள் பல, அவை சொல்லும் பொருளாக இருப்பதில்லை. ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்த உலோகம் அது. நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோலில் அரிப்பு வரும் என்பதால், “வெள்ளி நகை” என்று அதை எழுதுவது வெறும் சொற்பிழை ஆகாது. “ஒரு கிராம் தங்கம்” என்று விற்கப்படுவது முலாம் பூசிய நகை. முலாம் என்ற சொல் வர்ணனையில் வந்தே ஆக வேண்டும். செயற்கைச் சிவப்புக் கல் வைத்த கெம்பு நகையை மாணிக்கம் என்று எழுதக் கூடாது. “ஆன்டிக்” என்பது இன்று நிறப்பூச்சின் பெயர். பாட்டி காலத்து நகை என்று படிப்பவர் எண்ணிவிடாதபடி எழுத வேண்டும். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறெங்கோ வார்த்த பொருளுக்கு அந்த ஊர்ப் பெயரை வைத்தால் அதைச் செய்யும் நாகர்கோவில் வடசேரிக் கைவினைஞர்களின் சோற்றில் கை வைப்பதாகும்.

இந்த இடத்தில்தான் உங்கள் மகளுக்கு மற்றவர்களுக்கு இல்லாத பலம் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் “எழில்மிகு ஜிமிக்கி” வகை வரிகளை நொடியில் நூறு கொடுத்துவிடும். அந்த வகை எழுத்தை மட்டும் நம்பினால் இந்தத் தொழிலில் அவளுக்கு எதிர்காலம் இல்லை. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் மண்ணை நிழலில் உலர்த்தாவிட்டால் விரிசல் விடும் என்பது அவள் கைக்குத் தெரியும். மாட்டலுக்கும் தொங்கட்டானுக்கும், அட்டிகைக்கும் ஆரத்திற்கும் வித்தியாசம் சொல்வாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவாள். ஒரே நகையை வடக்கே “ஜும்கா” என்றும், டொராண்டோவிலிருக்கும் நம்மவர் “ஜிமிக்கி” என்றும் தேடுவார்கள் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பி.எட். விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். பட்டத்தை முடிக்கட்டும், விண்ணப்பமும் போடட்டும். இடம் கிடைத்துச் சேர வேண்டிய நாள் வருவதற்குள் நாலைந்து மாதம் கையில் இருக்கும். அதுவரை மாலை நேரத்தில் அந்த வியாபாரிக்கு எழுதட்டும். மாதாமாதம் வேலை தொடர்கிறதா, பணம் சொன்ன தேதிக்கு வருகிறதா, இரண்டாவதாக ஒருவர் தேடி வருகிறாரா என்று பார்த்துவிட்டு அவளே முடிவெடுக்கட்டும். நகை நிறுவனங்கள், விளம்பர நிறுவனங்கள், இணைய விற்பனைத் தளங்களின் பட்டியல் பிரிவுகள் எல்லாவற்றிலும் இந்த எழுத்துக்கு இடம் உண்டு. நகை வர்ணனை மட்டுமே எழுதி ஒரு குடும்பத்தை நடத்துவது கடினம்.

வியாபாரியிடம் பேசும்போது ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று கூலி பேசட்டும், சொல் கணக்கு வேண்டாம். சொல் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு வரியை நீட்டத்தான் கை போகும். எத்தனை முறை திருத்தித் தர வேண்டும், பணம் எந்தத் தேதியில் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். நகையைக் கையில் கொடுக்காமல் படத்தை மட்டும் அனுப்பினால், அளவும் எடையும் உலோகமும் வியாபாரியே எழுதித் தர வேண்டும். அதை மறுக்கிறவருக்கு எழுத ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இந்த வாரம் அவள் ஒன்று செய்யட்டும். உங்கள் பீரோவில் இருக்கும் நகைகளில் ஒன்றை நீங்களே எடுத்துக் கொடுங்கள், கவரிங்கானாலும் சரி. அவள் அளந்து, நிறுத்து, நூறு சொல்லுக்குள் எழுதி எனக்கு அனுப்பட்டும். படம் வேண்டாம். அவள் எழுத்தை மட்டும் படித்து அந்த நகையை ஒரு தாளில் வரைந்து உங்களுக்கு அனுப்புகிறேன். எங்கே தப்பாக வரைந்திருக்கிறேன் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்