கோட்டைப் படத்தை நம்பி முன்பணம் கட்டலாமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன், அடுத்த ஆண்டு வெளிவரப்போகும் ஒரு வரலாற்றுப் போர் விளையாட்டின் ஸ்கிரீன்ஷாட்களைக் காட்டி, இப்போதே வாங்கித் தரச் சொல்கிறான். முன்பதிவு செய்தால் ஆடுவதற்கு மூன்று நாடுகள் கூடுதலாகக் கிடைக்குமாம். எங்கள் தெருவில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்காரர் பாதி விலைக்கு ‘கீ’ (விளையாட்டைத் திறக்கும் எண்) தருவதாகச் சொன்னதால் 500 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன். வாங்கலாமா? நான்கு வருடப் பழைய லேப்டாப்பில் ஓடுமா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: இப்போது வாங்க வேண்டாம். கடைக்காரரிடம் எப்போதுமே வாங்க வேண்டாம். காரணங்களை உங்கள் மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் படத்தைத்தான் அவர் அதிகம் ரசித்திருப்பார். அந்தி வெளிச்சத்தில் ஒரு கோட்டை, மதிலில் சாய்த்த ஏணிகள், முன்னால் ஒரு வீரனின் தோள்பட்டை. அந்தத் தோள்பட்டையைப் பாருங்கள். கேமராவை அவ்வளவு தாழ்வாக வைத்துக்கொண்டு இந்த வகை விளையாட்டை யாரும் ஆடுவதில்லை. ஆடினால், பின்னாலிருந்து பாய்ந்து வரும் குதிரைப்படை கண்ணில் படாது. மொட்டைமாடியிலிருந்து தேரோட்டம் பார்ப்பதுபோல் உயரத்திலிருந்து பார்த்துத்தான் படைகளை நகர்த்துவார்கள். அங்கிருந்து பார்த்தால் இதே வீரன் அரிசி அளவுக்குத்தான் தெரிவான். படத்தின் கீழ் விளிம்பும் வெறுமையாக இருக்கிறது. ஆடும்போது அங்கே படைப்பிரிவுகளின் அட்டைகள் வரிசையாக இருக்கும், மூலையில் சிறு வரைபடம் இருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டார்கள். கல்யாண ஆல்பத்துக்கு மாப்பிள்ளையையும் பெண்ணையும் நிற்க வைத்து எடுப்பார்களே, அப்படி எடுத்த படம் இது.

பொய்ப் படம் என்று சொல்லவில்லை. கோட்டை இருக்கும், ஏணியும் இருக்கும். ஆனால் ஏணியில் ஏறிய வீரர்கள் மதில்மேல் சென்று ஒழுங்காகப் போரிடுவார்களா, அல்லது ஏணியடியிலேயே குவிந்து நின்றுவிடுவார்களா என்பதுதான் கேள்வி. நின்றுபோன ஒரு நொடியில் அது தெரியாது.

இது நடந்த கதைதான். 2012இல் டோட்டல் வார்: ரோம் 2 விளையாட்டை அறிவித்தபோது, கார்த்தேஜ் முற்றுகைக் காட்சியைக் காட்டினார்கள். ரோமானியக் கப்பல்கள் கரையில் மோதி நிற்க, வீரர்கள் குதித்து இறங்கி நகரத்துக்குள் பாயும் அந்தப் படங்களைப் பார்த்து மயங்கியவர்களில் நானும் ஒருவன். 2013 செப்டம்பர் 3 அன்று விளையாட்டு வெளியானது. முற்றுகையின்போது எதிரிப் படை செய்வதறியாமல் நின்றது. கணினி ஆடும் நாடுகள் தங்கள் முறையை முடிக்கும்வரை நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. படத்தில் பார்த்த அழகு விளையாட்டில் இல்லை என்று வாங்கியவர்கள் கொதித்தார்கள். உருவாக்கிய கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, அடுத்தடுத்துத் திருத்தங்களை வெளியிட்டது. 2014இல் வந்த ‘எம்பரர் எடிஷன்’ பதிப்பை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. ஓராண்டு பொறுத்திருந்தவர்கள் செப்பனிட்ட விளையாட்டை ஆடினார்கள். முதல் நாளே பணம் கட்டியவர்கள் சோதனைக்கு ஆளானார்கள்.

படத்தை நம்பாதீர்கள் என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் மகனுக்கு உண்மையில் பயன்படப்போவது அதுதான். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம் வெறும் வரைபடம். நிறங்கள் மங்கல், எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. அவர் அதைத் தாண்டிப் போயிருப்பார். நான் அரைமணி நேரம் பார்த்தது அதைத்தான். மேல் பட்டையில் பணம், தானியம், படைபலம் என்று எண்கள் இருக்கின்றன. தானியத்துக்குத் தனிக் கணக்கு இருக்கிறது என்றால், படைக்குச் சோறு போடும் கவலையையும் இந்த விளையாட்டு உங்களிடம் ஒப்படைக்கலாம். அதே பட்டையில் இரண்டு எண்கள் பூஜ்யமாகவே நிற்கின்றன. அந்தப் பகுதி பெரும்பாலும் இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.

இப்படிப்பட்ட அரைகுறைப் படங்களை வெளியிட்டே ஒரு விளையாட்டை உருவாக்கினார்கள். ஸ்பெயினில் உள்ள பாரடாக்ஸ் டின்டோ நிறுவனம் 2024 பிப்ரவரியிலிருந்து, விளையாட்டின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘ப்ராஜெக்ட் சீசர்’ என்ற மறைபெயரில் வாராவாரம் தன் வேலையை விளக்கியது. சில மாதங்களில் உலக வரைபடங்களைப் பகுதி பகுதியாக வெளியிட்டு, ‘தவறிருந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்டது. ஊர்ப்பெயர், மொழி, மதம், விளைபொருள் என்று தனித்தனி வரைபடங்கள். வாசகர்கள் திருத்தம் சொன்னார்கள். திருத்திய வரைபடங்கள் மீண்டும் வெளிவந்தன. அதுதான் 2025 நவம்பர் 4இல் வெளியான யூரோப்பா யூனிவர்சாலிஸ் 5. அதில் ஆட்டம் 1337இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் மதுரையில் சுல்தான்கள் ஆண்டார்கள், திருவண்ணாமலையில் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளன் இருந்தார், விஜயநகரம் அப்போதுதான் எழுந்திருந்தது. நம் பள்ளிப் பிள்ளை ஒருவர் பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வரைபடத்தைச் சரிபார்க்க முடியும். சாயங்கால வெளிச்சக் கோட்டையில் சரிபார்க்க என்ன இருக்கிறது? எனவே படம் சேகரிப்பதென்றால் இத்தகைய படங்களைச் சேகரிக்கச் சொல்லுங்கள்.

லேப்டாப்பைப் பற்றி: படத்தை வைத்துச் சொல்ல முடியாது. நிறுவனத்தின் சக்திவாய்ந்த கணினியில் எடுத்த படம் உங்கள் கைப்பேசியிலும் அழகாகத்தான் தெரியும். தேவையான கணினித் திறன் என்னவென்று நிறுவனம் பட்டியல் வெளியிடும்வரை காத்திருங்கள். வியூக விளையாட்டுகளில் பாரம் படத்தைவிடக் கணக்கில் அதிகம். ஆட்டத்துக்குள் நூறு ஆண்டுகள் கடந்தபின் எத்தனையோ நாடுகளின் முடிவுகளைக் கணினி போட வேண்டும். பழைய லேப்டாப் திணறுவது அங்கேதான்.

இனி முன்பதிவு. ‘மூன்று நாடுகள் கூடுதல்’ என்பது புதிய உத்தியல்ல. ரோம் 2இல் ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, எபிரஸ் மூன்றையும் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் முதலில் கொடுத்தார்கள், பிறகு அவற்றைத் தனியாக விற்றார்கள். ஸ்பார்ட்டாவை வெட்டி எடுத்துத் தூண்டிலில் மாட்டுவது என்ன வியாபாரம்? ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் நேரடியாக முன்பதிவு செய்தால், வெளியாகும் நாள்வரை எப்போது வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பப் பெறலாம். வெளியான பிறகு 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் மட்டும் திரும்பக் கிடைக்கும். ஐம்பது மணி நேரம் ஆடினால்தான் குணம் தெரியும் விளையாட்டுக்கு இரண்டு மணி நேர அவகாசம்! பயிற்சிப் பகுதியை முடிக்கவே அது போதாது. ஆகவே வெளியாகி ஒரு மாதம் கழித்து, ஆடியவர்களின் கருத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்டீம் தரும் அந்தச் சிறு பாதுகாப்பும் கடைக்காரரிடம் உங்களுக்குக் கிடையாது. பாதி விலை ‘கீ’ எங்கிருந்து வருகிறது? விலை குறைவான வேறு நாட்டில் வாங்கியதாக இருக்கலாம், அது இங்கே திறக்காமல் போகலாம். திருடிய கடன் அட்டையில் வாங்கியதாக இருக்கலாம், அட்டைக்காரர் புகார் செய்ததும் ரத்தாகிவிடும். சிலர் எண்ணே தருவதில்லை. ஏற்கெனவே விளையாட்டு உள்ள வேறொருவர் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுத்து, ‘இணையத்தைத் துண்டித்துவிட்டு ஆடு தம்பி’ என்பார்கள். கணக்கை விற்பது ஸ்டீம் விதிப்படி தடை செய்யப்பட்டது. ஒரே கணக்கைப் பத்துப் பேருக்கு விற்பவர்களை எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இணைய வியாபாரியிடம் நான் வாங்கிய எண், மூன்றாவது வாரம் என் கணக்கிலிருந்து மறைந்தது. அவர் பதில் தரவில்லை. வெளியே வாங்கிய எண்ணுக்கு ஸ்டீமும் பணம் தராது.

இன்று மாலையே கடைக்குப் போங்கள். ‘எண்ணைக் காட்டுங்கள், பில் போட்டுக் கொடுங்கள், மீதியைக் கொடுக்கிறேன்’ என்று கேளுங்கள். அடுத்த ஆண்டு வரும் விளையாட்டுக்கு அவரிடம் பெரும்பாலும் எண் இருக்காது, பில்லும் போட மாட்டார். அங்கேயே நின்று 500 ரூபாயைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.