மினோல்டா எக்ஸ்-700: எல்இடி எரிகிறது, ஷட்டர் விழவில்லை

உங்கள் எக்ஸ்-700 ஃபிலிம் கேமராவின் வியூஃபைண்டரில் எல்இடி எரிகிறது, ஷட்டர் விழவில்லை, ஃபிலிமை நகர்த்தும் லீவரும் இறுகிவிட்டது என்கிறீர்கள். முதலில் புது எஸ்ஆர்44 பேட்டரி இரண்டு போட்டுப் பாருங்கள் நண்பரே. அப்படியும் அசையாவிட்டால், இந்த மாடலில் வழக்கமான குற்றவாளி அடித்தகட்டுக்குள் இருக்கும் 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்தான். ஷட்டரை விடுவிக்கும் மின்காந்தத்துக்குச் சட்டென்று வேண்டிய மின்னோட்டத்தை அதுதான் சேர்த்து வைத்துத் தருகிறது. எல்இடிக்கு அது தேவையில்லை. அதனால்தான் கேமரா நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றுகிறது.

4 வோல்ட்டோ அதற்கு மேலோ, அந்த இடத்தில் அடங்கும் டான்டலம் வகைக் கெபாசிட்டர், அதே 220 மைக்ரோஃபாரடில் வாங்குங்கள். பழையதைக் கழற்றும் முன் பிளஸ், மைனஸ் தெரியப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் புதியதும் போய்விடும். அடியில் இருப்பது வளையக்கூடிய மெல்லிய சர்க்யூட் தாள் (ஃபிளெக்ஸ் போர்டு), சால்டரிங் அயர்னை அதில் வைத்ததும் சட்டென்று எடுத்துவிட வேண்டும். அப்புறம், லீவரைப் பலவந்தமாக இழுக்கவே வேண்டாம்.