கண்மாய்ப் பரிசலைக் காப்பாற்றலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் கண்மாயில் மீன் பிடிக்கப் பழைய மூங்கில் பரிசல் வைத்திருக்கிறோம். அடியில் தண்ணீர் கசிகிறது. சரி செய்யலாமா, ஃபைபருக்கு மாறிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு மாறாதீர்கள். முதலில் கவிழ்த்துப் போட்டு மூங்கில் பின்னலைப் பாருங்கள். பத்தையை அழுத்தும்போது மாவு மாவாகக் கொட்டினால் வண்டு துளைத்துவிட்டது, அப்புறம் மேலே எவ்வளவு தார் பூசினாலும் பலனில்லை. பின்னல் உறுதியாக இருந்தால் பரிசல் பிழைத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும்தான். கிழிந்த இடத்தை நன்றாகக் காயவிட்டு, கிழிசலைவிடப் பெரிதாகச் சாக்கு வெட்டி, உருக்கிய தாரில் ஒட்டி, அதன் மேல் இன்னொரு முறை தார் பூசுங்கள். ஈரத்தில் தார் பிடிக்கவே பிடிக்காது.

நம் கண்மாய்களில் பரிசலுக்குப் பெரிய எதிரி கருவேல மரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்ததும் முட்கிளையும் வெட்டிய கட்டைகளும் தண்ணீருக்குள் மறைந்துவிடும், பிறகு தண்ணீர் வற்ற வற்ற அடியைக் கிழிப்பது அவைதான். அதனால் கோடையிலேயே உள்ளே நடந்து போய்க் கட்டைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வையுங்கள்.

துடுப்பை முன்னால் போட்டுத் தண்ணீரை உங்கள் பக்கம் இழுங்கள், ஒரே பக்கமாகப் போட்டால் பரிசல் சுற்றும். காற்று பலமாக இருந்தால் இறங்கவே வேண்டாம், தட்டை அடி என்பதால் காற்று இழுத்த பக்கம் போய்விடும். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். வேலை முடிந்ததும் கவிழ்த்து நிழலில் வையுங்கள், வெயிலில் கிடந்தால் சாக்கு நொறுங்கிப்போகும்.